எதிர்த்தரப்புக்கு ஒரு வாய்தா

ஓசூர் பாகலூர் ரோட்டில் டயர் கடைக்கு மேலே இருக்கும் அருள்செல்வி மேடத்தின் வக்கீல் ஆபீஸில் நல்ல செய்தி என்றால் பிரியாணி வரும். அன்று சனிக்கிழமை. ஜோஸ்வின் இரண்டு கையிலும் பொட்டலங்களோடு படியேறி வந்தபோது, யாருக்கோ தீர்ப்பு சாதகமாகியிருக்கிறது என்றுதான் ரெனிட்டா நினைத்தாள்.

"யாருக்கு?" என்றாள்.

"நமக்குத்தான். பெங்களூர் ஆபீஸோட சேரப் போறோம். மேடம் ஒத்துக்கிட்டாங்க. இனிமே என்னை சார்னு கூப்பிடு."

"இப்ப எப்படிக் கூப்பிடறேன்?"

"டேய்னு."

"அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு ரெனிட்டா சிரித்தாள். ஒருவேளை இப்படி நடக்கலாம் என்று நினைத்துத்தான் அவள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாலை நேரக் கன்னட வகுப்பில் சேர்ந்திருந்தாள். பஸ் போர்டைப் படிக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். ஆனால் படித்தது சரிதானா என்று கண்டக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். அவள் சுபாவம் அது. ஆபீஸ் கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியவள், பூட்டினோமா என்று திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பாள். நல்ல வக்கீலுக்கு இவ்வளவு சந்தேகம் ஆகாது என்று அவளுக்கே ஒரு சந்தேகம்.

அந்த ஆபீஸ் திட்டம் போட்டு வளர்ந்ததல்ல. அருள்செல்வி மேடம் இன்னொரு வக்கீலின் அறையில் ஒரு மூலையில் மேஜை போட்டு ஆரம்பித்தவர். செக் கேஸ், பாகப்பிரிவினை, விவாகரத்து, லாரி மோதிய கேஸ், எது வந்தாலும் எடுத்துக்கொண்டார். பிறகு ஓசூரிலிருந்து சூளகிரி, போச்சம்பள்ளி வரை தொழிற்சாலைகள் வந்தன. அவற்றோடு நிலக் குத்தகைகளும் ஒப்பந்தங்களும் வந்தன. மெஷினில் மாட்டிய கைகளும் வந்தன. வீட்டில் பிள்ளைக்குக் கல்யாணமானால் ஒரு அறை இழுத்துக் கட்டுவதுபோல மேடம் ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டார். ஜோஸ்வின் கம்பெனி ஒப்பந்தங்களைப் பார்த்தான். டெல்பின் குடும்பநல வழக்குகளைப் பார்த்தாள். தொழிலாளர் வழக்குகளை ரெனிட்டா பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் மற்றவர்கள் வெளியே போயிருந்தபோது விரலில் கட்டோடு ஒருவர் வந்தார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அப்படியே அது அவளுடையதாகிவிட்டது.

பெங்களூர் ஆபீஸ் நஞ்சுண்டையா என்பவருடையது. முழுக்க முழுக்கக் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் பெரிய ஆபீஸ். அவருடைய கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக, மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி இந்தப் பக்கம் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்துக் கோர்ட்டில் ஒரு வழக்கு என்றால் ஒவ்வொரு தடவையும் ஆள் தேட வேண்டியிருந்தது. ஆள் தேடுவதை விட்டு ஒரு ஆபீஸையே சேர்த்துக்கொள்வது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

பிரியாணி முடிந்து கை கழுவிவிட்டு வந்ததும் மேடம் ரெனிட்டாவை அறைக்குள் கூப்பிட்டார்.

"உக்காரு. அவங்க ஒரு விஷயம் கேக்கறாங்க. அவங்க கட்சிக்காரங்க மேல நாம நடத்தற கேஸ் ஏதாவது இருக்கான்னு. ஒண்ணு இருக்கு. போச்சம்பள்ளி பிரஸ் கம்பெனி."

ரெனிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. "ஆஞ்சப்பன் கேஸ்."

"ஆமா. ஒரே ஆபீஸ் கம்பெனிக்கும் யோசனை சொல்லி, அந்தக் கம்பெனி மேல கேஸும் நடத்த முடியாது. வேற நல்ல வக்கீலாப் பாத்துக் குடுத்துடுவோம். நீயே நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடு. போன்ல சொன்னா நல்லா இருக்காது."

ஆஞ்சப்பன் உலோகத் தகடு அழுத்தும் மெஷினில் வலது கை விரல்களை இழந்தவர். அவர் எங்கள் ஆளே இல்லை, லேபர் காண்டிராக்டரின் ஆள் என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது. போன மாதம் கிருஷ்ணகிரியில் இழப்பீட்டு ஆணையர் முன்னால் கம்பெனியின் சூப்பர்வைசரை ரெனிட்டா குறுக்கு விசாரணை செய்தாள். எந்த ஷிஃப்ட், எந்த மெஷின் என்று தினமும் ஆஞ்சப்பனுக்குச் சொன்னது தான்தான் என்று அந்த மனிதர் ஒத்துக்கொண்டுவிட்டார். வழக்கின் முதுகெலும்பே அந்தப் பதில்தான். இனி வாதம் மட்டும் பாக்கி. அடுத்த வாரம் தேதி.

அவள் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜோஸ்வின் எலுமிச்சம்பழத் துண்டை மோந்துகொண்டே எட்டிப் பார்த்தான்.

"என்ன, பிரஸ் கம்பெனியா? நீ ஒரு நாள் மணிவேல் சாருக்காக எந்திரிச்சு வாய்தா வாங்கினியே, அந்தக் கேஸ்தானே?"

"அது வேற."

"வேற எங்க இருக்கு? பிரஸ் கம்பெனி கேஸுக்குன்னு மணிவேல் சாரே என்கிட்ட சொன்னாரு. கிருஷ்ணகிரில அவங்க மேல இருக்கறதே ஒரு கேஸ்தான்."

ரெனிட்டா ஆஞ்சப்பன் வழக்குக் கட்டை எடுத்துப் பழைய தேதிகளைப் புரட்டினாள்.

கிருஷ்ணகிரியில் வக்கீல்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வழியில் லாரி கவிழ்ந்து, சூளகிரி பாலத்துக்குப் பக்கத்தில் காரோடு மாட்டிக்கொண்ட வக்கீல், கோர்ட்டில் இருக்கும் யாருக்காவது போன் செய்வார். போன் எடுத்தவர் எழுந்து, "வக்கீல் வந்துகொண்டிருக்கிறார், வேறு தேதி கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்காருவார். எந்தக் கட்சி, என்ன வழக்கு என்று பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. கம்பெனியின் வக்கீல் மணிவேல் ஒருநாள் அப்படித்தான் அவளைக் கூப்பிட்டார். அவள் வழக்கு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் நின்றாள், தேதி வாங்கினாள், கையைக் கழுவினாள். அப்போது ஆஞ்சப்பனுக்கு எட்சன் என்று வேறொரு வக்கீல். ஆறேழு மாதம் கழித்துத்தான் ஆஞ்சப்பன் அவளிடம் வந்தார். இரண்டும் ஒன்று என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எதையும் மூன்று தடவை சரிபார்க்கும் தான், இதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"கம்பெனிக்கு இது தெரிஞ்சா?" என்றாள்.

"என்ன செய்வான்?"

"ரெண்டு பக்கமும் நின்ன வக்கீல்னு சொல்லி மனு போடுவான். நான் செஞ்ச குறுக்கு விசாரணை செல்லாதும்பான். சூப்பர்வைசர் மறுபடி கூண்டுல ஏறி வேற பதில் சொல்லுவான்."

ஜோஸ்வின் எலுமிச்சந்துண்டைக் கீழே வைத்தான். "நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் ரெனிட்டா. அதில் நன்றி இருந்ததா கோபம் இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்த கையோடு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து நாகரசம்பட்டி பஸ் பிடித்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். 'ஆபீஸ் மாறுகிறது' என்று ஆரம்பித்தால் பெருமை அடிப்பதுபோல இருந்தது. 'மன்னிச்சிடுங்க' என்று ஆரம்பித்தால் கேஸ் தோற்றுவிட்டது என்று பயந்துவிடுவார்கள்.

ஆஞ்சப்பன் இப்போது ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருந்தார். காய் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். அவர் மனைவி மாதேஸ்வரி மரத்தடியில் உட்கார்ந்து அடிபட்ட காய்களைத் தனியே பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ரெனிட்டாவைப் பார்த்ததும் காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, மேலே துண்டை விரித்தாள்.

"உக்காருங்க மேடம். ஆபீசு பெருசாயிடுச்சாமே. எங்க அக்கா பையன் சந்தோஷ் சொன்னான். பெங்களூரு வக்கீலுங்கல்லாம் வராங்களாம். இனி அந்தக் கம்பெனிக்காரன் நடுங்குவான்."

ரெனிட்டா ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்த ஒரு பேச்சில் போய்விட்டது. நேராகச் சொன்னாள். பெங்களூர் வக்கீல்கள் அந்தக் கம்பெனிக்குத்தான் வக்கீல்கள் என்றாள். ஆபீஸ் சேர்ந்துவிட்டால் இந்த வழக்கை அவள் நடத்த முடியாது, வேறு வக்கீலிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றாள்.

மாதேஸ்வரி கையிலிருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆஞ்சப்பன்தான் பேசினார்.

"மொத வக்கீலு எட்சன் சாரு. நல்லாத்தான் பாத்தாரு. ஓசூர்ல நெலம் வெல ஏறுச்சு. இனிமே நெலத்து கேசு மட்டும்தான் பாக்கறேன்னு போயிட்டாரு. அடுத்தது நீங்க. நீங்க பெருசாயிப் போறீங்க. ஆளாளுக்கு வளந்து போறீங்க மேடம். நாங்கதான் அதே பெஞ்சுல உக்காந்திருக்கறோம்."

அவர் குரலில் கோபம் இல்லை. ஊரில் நடப்பதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அது ரெனிட்டாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இன்னொண்ணும் இருக்குதுங்க" என்றாள். "முன்னாடி ஒரு நாள், இது உங்க கேஸுன்னு தெரியாம, நான் கம்பெனி வக்கீலுக்காக எந்திரிச்சு வாய்தா வாங்கியிருக்கேன். எனக்கு நேத்துதான் தெரிஞ்சது."

மாதேஸ்வரி நிமிர்ந்தாள். "நேத்துதானா? எங்களுக்கு அன்னைக்கே தெரியுமே."

"என்னது?"

"நானும் இவுரும் கடைசி பெஞ்சுல இருந்தோம். நீங்க எந்திரிச்சீங்கோ, இங்கிலீசுல ரெண்டு வார்த்த சொன்னீங்கோ, உக்காந்துட்டீங்கோ. எட்சன் சாரு அப்பவே வேற கோர்ட்டுக்கு ஓடிட்டாரு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. வெளிய வரும்போது நீங்களே நின்னு, இன்னைக்கு இல்லம்மா, அடுத்த மாசம் இந்தத் தேதிக்கு வாங்க, சாப்டுட்டுப் போங்கன்னு சொன்னீங்களே. மறந்துட்டீங்களா?"

ரெனிட்டாவுக்கு நினைவில்லை. வராந்தாவில் விழித்துக்கொண்டு நிற்பவர்களுக்குத் தேதி சொல்வது அவள் எப்போதும் செய்வதுதான்.

"எதிரி பக்கம் நின்ன பொம்பள நமக்குத் தேதி சொல்லிட்டுப் போகுது, நம்ம வக்கீலு சொல்லல. எட்சன் சாரு உட்டுட்டுப் போனதும் நான்தான் இவுருகிட்ட சொன்னேன், அந்தப் பொண்ணத் தேடிப் புடின்னு" என்றாள் மாதேஸ்வரி.

"நான் வேணாம்னேன்" என்றார் ஆஞ்சப்பன். "கம்பெனி வக்கீலு, காசு நெறையா கேக்கும்னு."

"இவுரு எல்லாத்துக்கும் வேணாம்பாரு. என்னைக் கட்டும்போதும் வேணாம்னவருதான்."

"அது சரியாத்தான் சொன்னேன்" என்று முணுமுணுத்தார் அவர். காய் கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ரெனிட்டாவுக்கும் சிரிப்பு வந்தது. நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

ஆனால் கேள்வி அங்கேயே இருந்தது. மாதேஸ்வரி அதைச் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "மூணாவதா ஒருத்தர்கிட்ட போயி மொதல்ல இருந்து கதையச் சொல்லு, கையக் காட்டுன்னா, இவுரு வரமாட்டாரு மேடம். கேசே வேணாம்னு படுத்துக்குவாரு. நீங்க போறீங்களா, இருக்கறீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றாள் ரெனிட்டா. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. போனால் நல்ல ஆபீஸ், கன்னடமும் பழகிவிடும், கிருஷ்ணகிரி பஸ்ஸில் நின்றுகொண்டே போகும் பிழைப்பு முடியும். இருந்தால் என்ன என்று அவளால் எழுதிக்கூடப் பார்க்க முடியவில்லை. தனியாக நடத்தத் தனக்குத் திறமை உண்டா என்பதை எத்தனை தடவை கேட்டாலும் சந்தேகம்தான் பதிலாக வந்தது. ஆனால் அந்த சூப்பர்வைசரை அந்தப் பதிலுக்குக் கொண்டுவந்தது தான்தான் என்பதில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நஞ்சுண்டையா ஓசூர் வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, காலில் சாதாரணச் செருப்பு. பெரிய ஆபீஸ் முதலாளி என்று சொன்னால்தான் தெரியும். மேடத்தின் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரெனிட்டா முதலில் வாய்தா விஷயத்தைச் சொன்னாள்.

அவர் கன்னடம் கலந்து கேட்டார்: "நோடம்மா, இங்க பாரு, கம்பெனிக்காரங்க யாராவது உன்கிட்ட பேசினாங்களா?"

"இல்ல சார்."

"அவங்க பேப்பர் ஏதாவது பார்த்தியா?"

"இல்ல சார். நம்பர் மட்டும்தான். கையில எழுதிக்கிட்டேன்."

"அப்ப நீ கம்பெனிக்கு நிக்கல. மணிவேலுக்கு நின்னே." அவர் டம்ளரைக் கையில் எடுத்தார். "நான் சின்ன வயசுல ஒரே கேஸ்ல ரெண்டு பக்கத்துக்கும் நின்னு வாய்தா கேட்டேன். ரெண்டு வக்கீலும் எனக்கே போன் பண்ணிட்டாங்க. ஜட்ஜ் சொன்னாரு, ரெண்டு பேரும் இவ்வளவு ஒத்துமையா இருக்கீங்களே, சமாதானமா போயிடலாமேன்னு."

ஜோஸ்வின் சத்தமாகச் சிரித்துவிட்டு மேடத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"கேஸ் கெடாது. ஆனா மறைக்கக் கூடாது" என்றார் நஞ்சுண்டையா. "அடுத்த தேதில நீயே ஆணையர் முன்னாடி சொல்லிப் பதிவு பண்ணிக்கோ. மணிவேல் ஆட்சேபம் சொல்ல மாட்டார், வாய்தா கேட்டதே அவர்தானே. ஆனா அந்தக் கேஸ் நம்ம ஆபீஸ்ல இருக்க முடியாது. அதுல மாத்தமில்ல."

"தெரியும் சார். அந்தக் கேஸ நான் விட முடியாது. நான் உங்க ஆபீஸ்ல சேரல."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ரெனிட்டா, யோசிச்சுத்தான் பேசறியா?"

"யோசிச்சேன் மேடம். மறுபடி மறுபடி யோசிச்சேன்."

"அது எனக்குத் தெரியும். பூட்டின கதவையே நாலு தடவ இழுத்துப் பாக்கறவ." மேடம் கழற்றிய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கோபம் என்றுதான் ரெனிட்டா நினைத்தாள். இத்தனை வருஷம் கூட வைத்துக்கொண்டவரை விட்டு, அதுவும் பெரிய ஆபீஸ் ஆகும் சமயத்தில் போவது நன்றிகெட்டத்தனம் என்று அவர் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தாள்.

நஞ்சுண்டையா மேடத்தைப் பார்த்தார். "மேடம், இன்னைக்கு இந்தக் கம்பெனி. நாளைக்கு இன்னொரு கம்பெனி நம்மகிட்ட வரும், அதுல கை போனவன் ஒருத்தன் ரெனிட்டாகிட்ட வருவான். ஒவ்வொரு தடவையும் இதே பஞ்சாயத்து. எங்க ஆபீஸும் ஆரம்பத்துல எல்லாம் பார்த்தது. இந்த ஒரு விஷயத்துலதான் ரெண்டாப் பிரிஞ்சது. கம்பெனி பக்கம் நான், தொழிலாளி பக்கம் என் பார்ட்னர். இப்பவும் கோர்ட்ல சண்டை போடறோம், கேன்டீன்ல ஒண்ணா காபி குடிக்கறோம். தொழிலாளர் கேஸெல்லாம் தனியாப் போறதுதான் எனக்கும் நல்லது. எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்."

"நீங்களுமா?" என்றார் மேடம். பெருமூச்சு ஒன்று அவரிடமிருந்து வந்தது. "ஒரு வாரமா தொழிலாளர் கேஸ்காரங்க போன் வந்தா நான் எடுக்கவே இல்ல. உங்க கேஸையும் ஒருநாள் வேற யாருக்காவது குடுக்க வேண்டி வரும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?" ரெனிட்டா பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் எடுத்துக்கறியா?"

"அவங்க ஒத்துக்கிட்டா எடுத்துக்கறேன் மேடம். கிருஷ்ணகிரில என்கூடப் படிச்ச பொண்ணு ஒரு ரூம்ல இருக்கா. ஒரு மேஜை போட இடம் இருக்குன்னா."

"அதே மாதிரிதான் நானும் ஆரம்பிச்சேன்" என்று சொல்ல வந்தவர்போல மேடம் வாயைத் திறந்தார். ஆனால் சொன்னது வேறு. "அந்த ரூம்ல ஃபேன் ஓடுதான்னு முதல்ல பாரு."

பிரிவது என்று ஆனபிறகு மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. அவளுடைய வழக்குக் கட்டுகளில் ஒன்றும் புது ஆபீஸில் தங்கக் கூடாது, அங்கிருப்பவர் யாரும் அவற்றைப் பார்க்கக் கூடாது என்று முடிவானது. ஆஞ்சப்பன் வழக்கில் கம்பெனிக்கு மணிவேலே தொடருவார். நஞ்சுண்டையா ஆபீஸ் அதைத் தொடாது. டெல்பின் அட்டைப்பெட்டி தேடிக்கொண்டு வந்தாள். ஜோஸ்வின் ஒவ்வொரு பெட்டியாகக் கீழே டயர் கடை வாசல் வரை தூக்கிக்கொண்டு போய் வைத்தான்.

"இனிமே நாம எதிரிங்க" என்றான், மூச்சு வாங்க.

"அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா? ஆட்டோல ஏத்திட்டு எதிரியா இரு."

ஆட்டோ வரும்வரை ரெனிட்டா பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று மாதேஸ்வரிக்கு போன் செய்தாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தது ஆஞ்சப்பன்.

"நான்தாங்க, ரெனிட்டா. இருக்கறேன். உங்க கேஸ நானே பாக்கறேன். ஆபீஸ்தான் வேற. கிருஷ்ணகிரியிலயே இருப்பேன்."

 அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இருக்குதாம்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. "நான் சொன்னேன்ல" என்று மாதேஸ்வரியின் குரலும் கேட்டது. போன் கை மாறியது.

"மேடம், கேசு தேதியன்னைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

"பத்தரைக்கு இருந்தா போதும். ஆனா கூப்பிட மத்தியானம் ஆகலாம்."

"அப்ப சாப்பாடு கட்டிக்கினு வந்துடறோம். ஓட்டல்ல சாப்பிட்டா இவுருக்கு ஆகாது. இடது கையால சாப்பிடறத எல்லாரும் பாக்கறாங்கன்னு எந்திரிச்சுடுவாரு. உங்களுக்கும் சேத்துக் கட்டட்டுமா? களிதான், கூட மாங்கா ஊறுகா."

ரெனிட்டா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "கட்டுங்க" என்றாள். ஆட்டோ வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றி, தானும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொன்னாள்.